கிட்டிவேக் படகின் மூன்றாவது ஆள்

போல்மெரின்
ஜூன் 20, வியாழன்

அன்பு மகள் கெரன்சாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் எழுந்து நடமாடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம், அவளுக்கு அந்த வலது முழங்கால் மட்டும் மழைக்கு முந்தின நாள் தந்தி கொடுத்துவிடுகிறது, மற்றபடி குறையில்லை. நீயும் மாப்பிள்ளை ஜோரியும் அதேபோல் இருக்க வேண்டும், வயிற்றிலிருக்கும் பிள்ளை உதைப்பதைக் குறைக்காமல் இருக்க வேண்டும். டாஸ்மேனியாவில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும், காலில் கம்பளி உறை போடாமல் சமையலறைக் கல்தரையில் நிற்காதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசுகிற மனிதன் எதற்குத் தாளை எடுத்தான் என்று நினைப்பாய். இதைத் தாளில்தான் எழுத வேண்டும் என்று எனக்கு உத்தரவு, யார் உத்தரவு என்பது போகப் போகத் தெரியும். இது நான்காவது முறை தொடங்குகிறேன். ஒவ்வொரு முறையும் நாலு வரி எழுதியதும் எழுந்து துறைமுகம் வரை போய்விட்டு வந்துவிடுகிறேன், அம்மா கதவைப் பூட்டிச் சாவியைத் தன் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்து பட்டாணி உரிக்கிறாள். ஜோரி வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து முதலில் நீ மட்டும் படி.

ஏப்ரலில் அம்மா பள்ளிக்கூடச் சமையல் வேலையை விட்டது உனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம் இருநூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்த கை சும்மா இருக்குமா. இரண்டாவது வாரமே பென்சான்ஸ் நூலகத்திலிருந்து ஒரு வரைபடம் கொண்டுவந்து மேஜையில் விரித்தாள், இந்தக் கரையோரத்தில் எங்கெங்கே ஓவியக்கூடம் இருக்கிறதோ அங்கெல்லாம் சிவப்புப் புள்ளி, அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. "உலகத்துல இருக்கிறவன் எல்லாம் வந்து பாத்துட்டுப் போறான், நாம ஒரு தடவை உள்ள நுழைஞ்சதில்ல, இனிமே வியாழனுக்கு வியாழன் ஒண்ணு பாக்கறோம்" என்றாள். நம் வீட்டு ஜன்னலில் தெரிகிற கடலையே அவர்கள் வரைகிறார்கள், அதைப் போய்ச் சுவரில் பார்ப்பானேன் என்று கேட்டேன். "ஜன்னல்ல தெரியறதை நீ என்னைக்குப் பாத்தே" என்றாள். எனக்கு அந்த இடங்கள் ஒத்துக்கொள்ளவில்லை, கெரன்சா. வெள்ளைச் சுவர், வெள்ளை விளக்கு, நாற்காலி கிடையாது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, என் பூட்ஸ் போடுகிற சத்தத்துக்கு எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். துறைமுக எண்ணெய்ப் பம்பில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க இந்த ஓவியர்களோடு எனக்குச் சண்டைதான், ஸ்டூலைக் கொண்டுவந்து சரியாகக் கயிறு ஓடுகிற வழியில் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அம்மா பத்து நிமிஷம் நிற்பாள், நான் அதற்குள் வாசலுக்கும் உள்ளுக்குமாக ஏழெட்டு நடை நடந்துவிடுவேன். "கூண்டுல போட்ட கரடி மாதிரி சுத்தாதே, பாக்கறவங்க உனக்குக் காசு போட்டுடுவாங்க" என்று கிசுகிசுப்பாள்.

மே மாதம் நடுவில் செயின்ட் ஐவ்ஸ் போனோம். துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்து, முன்பு மத்தி மீனை உப்பிட்டு அடுக்கிய கிடங்கு, இப்போது சுண்ணாம்படித்து ஓவியக்கூடமாக்கிவிட்டார்கள். அம்மா ஒரு பூச்சாடிப் படத்தின் முன்னால் நங்கூரம் போட்டுவிட்டாள், நான் வெளியே போகப் பின்வழி உண்டா என்று பார்க்கப் போனேன். கழிப்பறைக்குப் போகிற நடையில், யாரும் நின்று பார்க்காத இடத்தில், தேநீர்த் தட்டு அளவுக்கு ஒரு படம் மாட்டியிருந்தது. சாம்பல் கடல், துறைமுகத்துக்கு அலை தடுக்கிற கல்லணை, அணை முனையைத் தாண்டி வெளியே போகிற ஒரு நீலப்படகு. நம் போல்மெரின் அணை என்பது பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அதில் வியப்பில்லை, வரையாத ஆள் கிடையாது. அந்தப் படகின் சுக்கான் அறைக் கதவு பச்சையாக இருந்தது. நீலப்படகுக்குப் பச்சைக் கதவு யாரும் வைக்க மாட்டார்கள். அந்தக் கதவை மாட்டியது நான், கெரன்சா. உன் பெரியப்பா ஜாகோவின் 'கிட்டிவேக்' அது. ஜனவரிப் புயலில் கதவு பிய்த்துக்கொண்டு போய்விட்டதென்று உன் பாட்டி வீட்டுக் கோழிக்கூண்டுக் கதவைக் கழற்றி நானும் அவனும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டினோம். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் புயல், எந்தப் படகும் நகரவில்லை. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிட்டிவேக் வெளியே போனது, அப்புறம் வரவில்லை. பச்சைக் கதவோடு அந்தப் படகு அணையைத் தாண்டியது ஒரே ஒரு காலைதான், அந்தக் காலையை யாரோ உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள். படத்துக்குப் பக்கத்தில் போய் ஆட்களை எண்ணினேன். சுக்கானில் ஒருவர், அது ஜாகோ. முன்பக்கம் சிவப்புத் தொப்பியோடு பீப்பாய் மாதிரி ஒருவர், அது ஜாகோவோடு வேலை பார்த்த கிளெம். பின்பக்கம் மீன்பெட்டிகளின் மேல் மஞ்சள் மழைச்சட்டையோடு இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய இடது கை முழங்கை வரைக்கும் வெள்ளையாக இருந்தது.

மேலே எழுதுவதற்கு முன்னால் பழைய கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், உனக்கும் ஜோரிக்கும் தெரிந்த கதைதான், ஆனால் நமக்குத் தெரிந்ததில்தான் தப்பு இருக்கிறது. ஜோரியின் அப்பா ஹெட்லி அப்போது ஜாகோவின் படகில் மூன்றாவது ஆள். அந்த ஜனவரியில் ஏணியிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தது. வீட்டில் ஏழு மாதக் குழந்தையாக ஜோரி. கட்டோடு படகில் போகிறேன் என்று அவன் துடித்துக்கொண்டிருந்தான், திங்கட்கிழமை என்னிடமே வந்து நைசாகப் பேசிப் பார்த்தான், அந்தக் கையோடு ஏறுவதைப் பார்த்தால் துறைமுக அதிகாரியிடம் சொல்லிவிடுவேன் என்று திருப்பி அனுப்பினேன். புதன் சாயங்காலம் அவனுக்கும் உன் மாமியார் வென்னாவுக்கும் சண்டை. "இந்தக் கையோட படகுல கால் வெச்சா, திரும்ப இந்த வீட்டுல கால் வெக்காதே" என்று அவள் சொன்னது பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்டது. காலையில் அவள் எழுந்தபோது ஆள் இல்லை. படகு மூழ்கிய செய்தி வெள்ளிக்கிழமை வந்தது, வென்னா குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் பம்புக்கு வந்து, "சாம்ப்சன், அவரும் அதுல போயிருப்பாரோ" என்று கேட்டாள். இல்லவே இல்லை என்றேன். எண்ணெய் ஊற்றியது நான், கயிறு அவிழ்த்துவிட்டது நான், படகில் இரண்டு பேர், என் கண்ணால் பார்த்தேன் என்றேன். விசாரணையில் எழுந்து நின்றும் அதையே சொன்னேன். அதன்பிறகு ரொட்டி வண்டிக்காரன் ஒருவன் ஹெட்லி மாதிரி ஓர் ஆளைப் பென்சான்ஸ் ரயில் நிலையத்தில் பார்த்ததாகச் சொன்னான், அது போதுமானதாக இருந்தது. நினைவுக் கல்லில் இரண்டு பெயர் வெட்டினார்கள். ஹெட்லி, பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் விட்டு ஓடிப்போனவன் ஆனான். பள்ளிக்கூடத்தில் பையன்கள் ஜோரியிடம் "உங்கப்பன் எந்த ரயில்ல வரான்டா" என்று கேட்பார்களாம், நீயே சொல்லியிருக்கிறாய். இரண்டு நாள் வேலைக்குக்கூட அவன் வெளியூர் போக மாட்டேன் என்கிறான் என்று போன மாதம் நீ குறைப்பட்டாயே, கடைக்குப் போகும்போதும் இரண்டு தடவை சொல்லிக்கொண்டு போகிறான் என்று சிரித்தாயே, அந்தச் சிரிப்பு போனில் கேட்டபோது நான் இந்தப் படத்தைப் பார்த்து ஒரு வாரம் ஆகியிருந்தது, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவள்தான் முதலில் நிதானத்துக்கு வந்தாள். "படம் வரையறவங்க இடத்தை நிரப்ப ஆளைச் சேத்துக்குவாங்க, அதுல கை வெள்ளையா இருக்கறது சாயத் தீற்றலா இருக்கும், கேக்காம எதையும் முடிவு பண்ணாதே" என்றாள். கேட்கலாமென்றால் யாரிடம் கேட்பது. படத்தின் மூலையில் இரண்டு எழுத்துதான் இருந்தது. அந்த ஓவியக்கூடத்தில் காதில் வளையம் வளையமாக மாட்டியிருந்த கடைப்பெண்ணிடம் விசாரித்தால், ஒரு வீட்டைக் காலி செய்தபோது வந்த சரக்கு, வரைந்தவர் பெயர் தெரியாது என்றாள். போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள மட்டும் விட்டாள். அதற்கப்புறம் வியாழக்கிழமைக் கணக்கெல்லாம் போயிற்று. தினமும் காலையில் முதல் பஸ். நியூலின் போனோம், மவுஸ்ஹோல் போனோம், பென்சான்ஸில் மூன்று இடம், மழையில் ஃபால்மவுத் வரைக்கும் போனோம், எங்கே நுழைந்தாலும் நான் நேராகப் பின்பக்கம் போய்ச் சின்னப் படங்களாகப் பார்த்துக்கொண்டு வருவேன், அந்த எழுத்து இருக்கிறதா என்று மூலையைப் பார்ப்பேன். இப்போது அம்மா வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், நான் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் பத்து நிமிஷம் நின்றேன். ஒன்று சொல்கிறேன், இத்தனை படகு வரைந்திருக்கிறார்களே, பாதிப் படகில் ஆளே இல்லை, தானாகப் போகிற மாதிரி போகிறது. ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நாள் பஸ்ஸில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே வந்தேன், ஓட்டுநர் இரண்டு தடவை திட்டினான். படத்தில் இருப்பது நிஜமாக இருந்துவிடக் கூடாதே என்று தேடுகிறேனா, நிஜமாக இருக்க வேண்டும் என்று தேடுகிறேனா என்பதே எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "ரெண்டும்தான், பாஸ்டியைச் சாப்பிடு" என்று கறி அடைத்த அந்தப் பணியாரத்தை என் பக்கம் தள்ளினாள்.

ஜூன் முதல் வாரம் ஓவியர்கள் தங்கள் வீட்டுக் கதவைத் திறந்துவைத்து யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று விடுவார்களே, அந்த வாரத்தில் மவுஸ்ஹோலுக்கு மேலே ஒரு மண்பாண்டக்காரர் வீட்டில் நுழைந்தோம். அம்மா போனை நீட்டியதும் அந்த மனிதர் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்து, "இது ஹெஸ்டர் லோம் வரைஞ்சதாச்சே, உசிரோடதான் இருக்காங்க, நாக்கும் உசிரோடதான் இருக்கு, பாத்துப் பேசுங்க" என்று வழி சொன்னார். ஜெனர் ஊரைத் தாண்டிப் புல்வெளி நடுவில் கல்வீடு, எண்பத்தைந்து வயதுக் கிழவி, ஆண்பிள்ளைச் சட்டை, ஒரு கண்ணில் புரை விழுந்திருந்தது. கதவைத் திறந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ பம்புக்காரன் இல்ல? என் ஸ்டூலை ரெண்டு தடவை தூக்கிச் சுவத்துக்கு அந்தப் பக்கம் எறிஞ்சவன்தானே?" என்றாள். மூன்று தடவை என்று அம்மா திருத்தினாள். உட்காரச் சொல்லவில்லை, ஆனால் உள்ளே விட்டாள். போட்டோவைக் காட்டி, பின்னால் உட்கார்ந்திருக்கிற ஆளைப் படத்துக்காகச் சேர்த்தீர்களா என்று கேட்டேன். கிழவிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆளுங்களை வரையறது எனக்கு என்னைக்குமே வராது, கையைக் காலை எங்க வெக்கறதுன்னு முழிப்பேன், இருக்கறவனை வரையவே அழுவேன், இல்லாதவனை எதுக்குய்யா கூட்டியாரணும்?" என்றாள். பிறகு அலமாரிக்குக் கீழே குனிந்து, அம்மா தூக்கிவிட வந்ததைத் தட்டிவிட்டு, பழைய வரைநோட்டுகளாக எடுத்துத் தரையில் போட்டாள். எல்லாவற்றிலும் வருஷமும் மாதமும் போட்டிருந்தாள். எண்பத்தாறு, பிப்ரவரி. பென்சிலில் அந்த அணை, அந்தப் படகு, அது அணை முனைப் படிக்கட்டை ஒட்டி நிற்கிறது, ஓர் ஆள் படியிலிருந்து படகுக்குள் கால் வைக்கிறான். அடுத்த பக்கத்தில் படகு வெளியே போகிறது, அவன் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். ஓரத்தில் என்னென்ன சாயம் என்று குறித்து வைத்திருந்தாள். கதவு, கோழிக்கூண்டுப் பச்சை என்று எழுதியிருந்தாள், கெரன்சா, அவளுக்கு அது எப்படித் தெரியும், பச்சையைப் பார்த்துத் தோன்றியிருக்கிறது. மழைச்சட்டை, மஞ்சள். இடது கை வெள்ளை, கட்டு போலிருக்கிறது, வலது கையால் தாங்கிப் பிடித்திருக்கிறான்.

பம்புக் குடிசையிலிருந்து அணையின் முனை தெரியாது. அணை அங்கே வளைகிறது, உனக்குத் தெரியும், நீயே அந்த மறைவில் உட்கார்ந்து சிகரெட் பிடித்தவள்தான், எனக்குத் தெரியாதென்று நினைத்துக்கொண்டிருந்தாய். நான் கயிற்றை அவிழ்த்துவிட்டுக் குளிருக்கு உள்ளே போய்விட்டேன். படகு முனையில் ஒரு நிமிஷம் நின்று ஹெட்லியை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. எனக்குத் தெரியக் கூடாதென்றுதான் அங்கே போய் நின்றிருக்கிறான், நான் சொல்லிவிடுவேன் என்று பயந்து. ஜாகோவும் அதற்கு உடந்தை. இத்தனை வருஷம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கிழவியிடம் சற்றுச் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அன்று மத்தியானமே அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று வடக்கே லீட்ஸ் போய்விட்டாளாம், ஐந்து மாதம் கழித்துத் திரும்பியபோது அந்தப் படகு மூழ்கியதென்றும் யாரும் பிழைக்கவில்லை என்றும் சொன்னார்களாம். "போனவங்க யாரும் திரும்பலைன்னாங்க. நானும் மூணு பேருக்காக மெழுகுவத்தி ஏத்தினேன். எத்தனை பேருன்னு யாரும் என்கிட்ட கேக்கலையே" என்றாள். கல்லில் இரண்டு பெயர்தான் இருக்கிறதென்று அம்மா சொன்னதும் கிழவி முதல் தடவையாக நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை, வெளியே போய்ப் புல்வெளியில் நடந்தேன். கிழவி அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்து ஓர் உறையில் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

அன்றைக்கே நேராக வென்னா வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். நான் மூன்று நாள் போகவில்லை. தோட்ட வேலியைச் சரிசெய்தேன், சரியாக இருந்த வேலிதான். எல்லோரும் மறந்துபோனதை எதற்குக் கிளற வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "யாரு மறந்தா? ஜோரி மறந்தானா? நீ மறக்கணும்னு நினைக்கறதை எல்லார் தலைலயும் போடாதே" என்றாள். நாலாம் நாள் அவளே என் கோட்டை எடுத்து என் மேல் மாட்டிப் பொத்தான் போட்டுவிட்டாள், சின்னப் பிள்ளைக்குப் போடுவதுபோல. வென்னா விடுதி அறைகளுக்குப் படுக்கை விரிக்கிற வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், இந்த வயதிலும் அந்த வேலைதான். ஓடிப்போனவன் பெண்டாட்டிக்கு எந்த உதவித்தொகையும் கிடையாதல்லவா. நான் உறையை நீட்டினேன். அவள் இரண்டு தாளையும் அடுப்பு மேடை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கட்டுப்போட்ட கையைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள், முகத்தில் தெரிந்தது. அம்மாதான் எல்லாவற்றையும் சொன்னாள், பச்சைக் கதவு, படிக்கட்டு, கிழவி, லீட்ஸ். வென்னா கேட்டு முடித்துவிட்டு, "பை எதுவும் வெச்சிருந்தாரா" என்றாள். தாளில் பை இல்லை. கிழவிக்கும் பை பார்த்த ஞாபகம் இல்லை. வென்னா சரி என்று தலையாட்டினாள். அந்த வாரம் அவன் பையும் காணவில்லை என்றுதான் ஊரெல்லாம் பேசினார்கள், வெகுநாள் கழித்து அது அவன் தங்கை வீட்டுப் பரணில் கிடந்ததாம், அப்போது யாரும் கேட்கிற நிலையில் இல்லை, அதை வென்னா அன்றுவரை யாரிடமும் சொல்லவும் இல்லை. நான் அப்போதுதான் வாயைத் திறந்தேன். என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை, பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை என்ற மாதிரி ஏதோ. அவள் என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க பொய் சொல்லலை சாம்ப்சன். பாத்ததைச் சொன்னீங்க. பாக்காததையும் சேத்துச் சொல்லிட்டீங்க." கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் வென்னா படத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். மூவருமாக செயின்ட் ஐவ்ஸுக்கு ரயிலில் போனோம், வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் நல்ல நீலக் கோட்டு போட்டிருந்தாள், உங்கள் கல்யாணத்துக்குப் போட்டாளே அது. கழிப்பறைக்குப் போகிற அந்த நடையில், ஆட்கள் மன்னிக்கணும் மன்னிக்கணும் என்று சொல்லிக் கடந்து போய்க்கொண்டிருக்க, வென்னா படத்துக்கு முன்னால் நின்றாள். எத்தனை நேரம் என்று நான் பார்க்கவில்லை. விரலை நீட்டி அந்த மஞ்சள் சட்டைக்காரனைத் தொட்டாள். காதுவளையப் பெண், தொடக் கூடாது என்று சொல்ல ஓடி வந்தாள், அம்மா அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பி, "அது அவங்க வீட்டுக்காரரு, சும்மா இரும்மா" என்றாள். அந்தப் பெண் எங்கிருந்தோ ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டது. வென்னா அழவில்லை. "முப்பத்து மூணு வருஷமா ரயில் நிலையப் பக்கமே பாத்துக்கிட்டு இருந்தேன், டாம்சின்" என்று அம்மாவிடம் சொன்னாள். "கடலை ஒரு நாள் அதுக்காகப் பாத்ததில்லை. கோவத்துல போனாருன்னு நினைச்சு நானும் கோவமாவே இருந்துட்டேன். ஒத்தைக் கையோட வேலைக்குப் போயிருக்காரு, கிறுக்கு மனுஷன்." அதைச் சொல்லும்போது அவள் முகம் கொஞ்சம் சிறுபிள்ளை முகமாக ஆனது, நான் திரும்பிக்கொண்டேன்.

திரும்பி வருகிற ரயிலில் நான் வென்னாவிடம் ஒன்று கேட்டேன், ஜோரியிடம் நீயே போனில் சொல்கிறாயா என்று. அவள் மறுத்துவிட்டாள். அப்பன் ஓடிப்போனவன் என்று அந்தப் பிள்ளைக்குத் தன் வாயாலேயே சொல்லிச் சொல்லி வளர்த்தவள், அதே வாயால் போனில் இதைச் சொல்ல அவளால் முடியாதாம். "இது உங்க வாயிலேர்ந்து கெளம்புனது, உங்க கையாலயே எழுதி அனுப்புங்க" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை, ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்லியனுப்புகிறாள். மன்னிப்பு நான் கேட்டு வாங்கக்கூடிய பொருள் இல்லை, இருக்கட்டும். துறைமுகக் குழுவில் போய் அந்த இரண்டு தாளையும் காட்டி நான் முன்பு சொன்னது தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். கல்லில் பெயர் வெட்ட விசாரணை அலுவலகத்தின் சம்மதம் வேண்டுமாம், பல மாதம் ஆகலாம், ஆகாமலும் போகலாம், ஒரு கிழவியின் பென்சில் கோட்டை எவ்வளவு தூரம் நம்புவார்களோ தெரியாது. நான் இரண்டு நாளைக்கு ஒரு தடவை போய் நின்று கேட்கிறேன், என்னைப் பார்த்தாலே அந்தக் குமாஸ்தா எழுந்து உள்ளே போய்விடுகிறான். அம்மா மறுபடியும் அந்த வரைபடத்தை எடுத்துவிட்டாள், இன்னும் பத்தொன்பது புள்ளி பாக்கி என்கிறாள். நானும் போகிறேன். வீட்டில் உட்கார்ந்தால்தான் எனக்கு முடியவில்லை.

படத்தின் போட்டோவையும் அந்த இரண்டு பக்கங்களின் நகலையும் உள்ளே வைத்திருக்கிறேன். ஒரு விடுமுறை நாள் காலையில், ஜோரி சாப்பிட்டு முடித்த பிறகு, பகல் வெளிச்சத்தில் அவனிடம் கொடு. நீ பக்கத்தில் இரு, ஆனால் அவன் எழுந்து வெளியே போனால் பின்னாலேயே போகாதே, போகட்டும், திரும்பி வருவான். கேட்டால் இந்தக் கடிதத்தையும் படிக்கச் சொல், நான் எழுதியதில் எதையும் குறைத்துச் சொல்லாதே. முதலில் அவன் போன் செய்ய வேண்டியது அவன் அம்மாவுக்கு, இது முக்கியம், மறந்துவிடாதே. எனக்கு எப்போது பேசத் தோன்றுகிறதோ அப்போது பேசட்டும், தோன்றாவிட்டாலும் அவன் என் மாப்பிள்ளைதான். என் மேல் கோபப்பட அவனுக்கு உரிமை உண்டு, அதை ஆற்றுவதற்கு நீ நடுவில் நிற்காதே, உன் உடம்பைப் பார்த்துக்கொள். இரும்பு மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடு. நீங்கள் இருவரும் பிள்ளையும் குறைவில்லாமல் வாழ வேண்டும், பிறக்கப் போவது சுகமாகப் பிறந்து உன் கையில் வர வேண்டும் என்று நானும் அம்மாவும் தினமும் வேண்டிக்கொள்கிறோம். ஜோரியிடம் என் சார்பில் இதை மட்டும் சொல். அவன் அப்பா அன்று காலையில் ஓடவில்லை. உடைந்த கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வீட்டில் ஏழு மாதப் பிள்ளை இருக்கிறதே என்று வேலைக்குப் போனார். அதைச் சொல்ல எனக்கு முப்பத்து மூன்று வருஷம் ஆகிவிட்டது.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா சாம்ப்சன்

அம்மா பட்டாணியை உரித்து முடித்துவிட்டாள், சாவியைக் கொடுத்துவிட்டாள், தபால் வண்டி வருவதற்குள் நானே போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வருகிறேன்.